மலைச்சுவரில் ஒரு பட்டுக் கதவு

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மர நிரைக்குள் இறங்கிய நம் பாட்டிமாருக்கு இருட்டு பழகிய துணை. கத்தி பட்டையைச் சீவ, பால் கசிந்து மங்கில் சொட்டத் தொடங்கும் அந்த நேரத்தில், பேராக் மலைகளில் இன்னொரு உயிரும் தன் இராவேலையை முடித்துக்கொண்டு கதவைச் சாத்தியிருக்கும். அதற்கு விளக்கும் இல்லை, கங்காணியும் இல்லை. எட்டுக் கால்களும், தானே நெய்த ஒரு கதவுமே அதன் சொத்து.

லிபிஸ்தியஸ் என்று அறிவியலார் அழைக்கும் சிலந்தி அது. மண்சரிவில் வளை தோண்டி, உட்சுவர் முழுக்கப் பட்டு பூசி, வாசலுக்குப் பட்டாலேயே கீல் வைத்து ஒரு மூடியும் செய்துகொள்கிறது. மூடியின் மேல் சுற்றிலும் கிடக்கும் அதே மண்ணும் பாசியும். ஒரு நாணயம் அளவே இருக்கும் அந்தக் கதவைப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் நம் கண்ணுக்கு வெறும் மண்தான் தெரியும். தோண்ட மண் இல்லாத குகைச் சுவரிலோ, பட்டுக் குழலைக் கல்லோடு ஒட்டி நெய்து, மண்துகளால் போர்த்திவிடுகிறது. குச்சும் சாந்தும் இல்லாமல் இப்படி ஒரு வீட்டைக் கட்ட எந்தக் கொத்தனாரிடம் கற்றுக்கொண்டது?

வாசல் விளிம்பிலிருந்து ஏழெட்டு நூல்கள் கதிர்போல வெளியே விரிகின்றன. இரவானதும் சிலந்தி மூடிக்குப் பின்னால் வந்து, முன்கால்களை வாசலில் வைத்துக் காத்திருக்கிறது. குகை வெட்டுக்கிளி ஒன்றின் கால் ஏதாவதொரு நூலில் இடறினால் போதும். தூரத்துப் பெரட்டு மணிக்கு லயத்து வீடுகள் விழித்துக்கொண்டதுபோல், அந்த மெல்லிய அதிர்வுக்கு அது விழித்துக்கொள்கிறது. எந்த நூல் அசைந்தது, இரை எந்தப் பக்கம் என்பது காலுக்குத் தெரியும். மூடி திறக்கிறது, பாய்கிறது, மூடிக்கொள்கிறது. மறுபடி அமைதி.

இதன் உடலையும் பாருங்கள். மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பான பை. இதன் முதுகிலோ தகடு தகடாக அடுக்குகள். நூல் சுரக்கும் உறுப்புகள் மற்றவற்றுக்கு வயிற்றின் கடைசியில் இருக்க, இதற்கு வயிற்றின் நடுவில் இருக்கின்றன. சிலந்திக் குலத்தின் ஆதி வடிவம் இது. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில் இதன் மூதாதையரின் சாயல் பதிந்திருக்கிறது. அப்போது டைனோசர்கள் பிறக்கவே இல்லை. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகளோ, தொல்கடலின் அடியில் சிப்பியும் பவளமுமாகப் படிந்து உருவானவை. மலை கடலுக்குள் இருந்த காலத்தில் நூற்கத் தொடங்கிய குலம், இன்று அதே மலையின் சுவரில் குடியிருக்கிறது. நினைத்துப் பார்த்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

குஞ்சுகள் தாயை விட்டுத் தூரம் போவதில்லை. வேறு பல சிலந்திக் குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டு மிதந்து புதிய ஊர் சேரும். இவை தாயின் வளைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வளை தோண்டிக்கொள்கின்றன. அதனால்தான் மலைக்கு மலை இனம் வேறுபடுகிறது. பத்துமலையின் 272 படிகளை நாம் காவடியோடு ஏறுகிறோமே, அதற்குப் பக்கத்து இருட்டுக் குகையில் ஓர் இனம். தைப்பிங்கில் புக்கிட் லாருட் மலையில் இன்னோர் இனம். பத்துமலை இனத்துக்கு 1923-இல் ஆபிரகாம் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். ஈப்போவுக்கு வடக்கே செம்மோர்ப் பக்கம் கந்தான் மலைக் குகையில் வாழும் இனத்துக்கோ 1997-இல்தான் பெயர் கிடைத்தது: லிபிஸ்தியஸ் கந்தான். (கந்தான் என்றதும் நம் காதில் முருகன் பெயர் விழுவதைத் தடுக்க முடியவில்லை.) அந்த ஒரு குகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது காணப்பட்டதில்லை.

கந்தான் மலையில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். கல் சிமெண்டாகிறது, சிமெண்டு நம் வீடாகிறது. குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என் வீட்டுச் சுவரிலும் ஏதோ ஒரு மலையின் துகள் இருக்கிறது. ஆனாலும் தோட்டம் துண்டாடப்பட்டபோது மூட்டையோடு லயத்தை விட்டு வெளியேறிய நமக்கு, வீடு போவதென்றால் என்னவென்று தெரியும். நாம் ஈப்போப் பக்கத்துப் புந்தோங்குக்கோ வேறு பட்டணத்துக்கோ போனோம். நடந்து அடுத்த மலைக்குப் போகத் தெரியாத இந்தச் சிலந்தி, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

அடுத்த தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ போகும்போது, பாறையோர மண்ணில் வட்டமாக ஒரு மெல்லிய கோடு கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள். விரலால் நெம்பிப் பார்க்க மட்டும் வேண்டாம். உள்ளே ஒரு தாய் முட்டைகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.