பானையில் பாதி, குவாலியில் பாதி

2024 பிப்ரவரி 23 அன்று மலேசியாவின் தேசியப் பாரம்பரிய உணவுப் பட்டியலில் பத்துப் பண்டங்கள் புதிதாகச் சேர்ந்தன. நம் ஊத்தப்பமும் அதில் உண்டு. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை; சத்தமெல்லாம் பாக் குட் தேவுக்குத்தான். பன்றி இறைச்சியில் ஆகும் ஒன்றை நாட்டின் பாரம்பரியம் என்று சொல்லலாமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். கிள்ளான்காரர்களோ, ‘இதைச் சொல்ல இத்தனை வருஷமா?’ என்றார்கள்.

கிள்ளானுக்கு அந்த உரிமை உண்டு. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த சீனக் கூலிகளின் காலைச் சாப்பாடு அது. எலும்போடு கூடிய கறியை முழுப் பூண்டு, பட்டை, அன்னாசிப்பூ, கறுப்பு சோயா, சீன மூலிகை வேர்கள் எல்லாம் போட்டு மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். இன்றும் கிள்ளான் கடைகளில் காலை ஏழு மணிக்கே மேசை நிறைந்திருக்கும். கரி அடுப்பும் மண்சட்டியும் வைத்திருக்கும் கடையென்றால் கூட்டம் இன்னும் அதிகம்.

பாக் குட் தேவுக்குக் கிடைத்த மரியாதையின் பெரிய வடிவம் மெக்ஸிகோ சமையலுக்கு 2010இலேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு யுனெஸ்கோ அதைத் தன் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது எடுத்துக்காட்டாகக் காட்டிய மாநிலம் மிச்சோவகான். பன்றிக்கறியைப் பெரிய செப்புக் கொப்பரையில் அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, அதே கொழுப்பில் பொன்னிறமாக்கும் கார்னிடாஸ் அந்த மாநிலத்தின் சொத்து. அதைப் பிய்த்து, சோள ரொட்டியில் வைத்து, வெங்காயமும் மல்லித்தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்தால் டாக்கோ.

இப்போது இந்த டாக்கோவுக்கான கறியை ஸ்லோ குக்கரில் செய்யும் பழக்கம் பரவியிருக்கிறது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் கறி தயார் என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அப்படிச் செய்தவர்களில் பாதிப் பேர், ‘மெத்தென்று இருக்கிறது, ருசிதான் ஏறவில்லை’ என்கிறார்கள். பானை பாதி வேலையைத்தான் செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மீதிப் பாதி நம் வீடுகளில் தலைமுறைகளாக நடக்கும் வேலை. பன்றிக்கறிப் பிரட்டல் செய்யத் தெரிந்த எந்த மலேசியத் தமிழ் வீட்டுக்கும் அது தெரியும்.

பானையின் கதை வேடிக்கையானது. சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் யூதர்கள் வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குமுன் சோலன்ட் என்ற பயறும் கறியும் கலந்த பானையை ஊர் ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள் என்று அவருடைய அம்மா சொன்ன கதையிலிருந்து பிறந்த யோசனை அது. 1970இல் ரைவல் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டு கிராக்-பாட் என்று பெயர் சூட்டி அமெரிக்கா முழுக்க விற்றது. பன்றியைத் தொடாதவர்களின் ஓய்வுநாள் பானை கடைசியில் பன்றிக்கறிக்கே பேர்போனதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நம் ஊர்ச் சீன வீடுகளில் இது சூப்புப் பானை. பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் மூலிகையும் போட்டுக் கோழிச் சாறு வைக்க. தமிழ் வீடுகளில் இதற்கு வேறொரு வசதி உண்டு, யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. பன்றிக்கறி சமைக்கும் நம்மவர் பலர் அதற்குத் தனிச் சட்டி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை கிடையாது, புரட்டாசி கிடையாது, தைப்பூச விரதம் முடியும்வரை பேச்சே கிடையாது. மற்ற நாளிலும் சாமி அறைக்குப் பக்கத்து அடுப்பில் ஏற்றாமல் பின்புறத்து அடுக்களையில்தான் வேகும். ஸ்லோ குக்கருக்கு அடுப்பே தேவையில்லை. பின்கதவோரம் ஒரு பிளக் இருந்தால் போதும். மாமியாரும் முகம் சுளிக்க மாட்டார்.

கறி வாங்குவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து வாங்கினால் எட்டு மணி நேரம் கழித்துப் பஞ்சு போல வறண்ட நார்தான் கிடைக்கும். தோள்பட்டைக் கறி வேண்டும். நடந்து நடந்து உழைத்த தசை அது. உள்ளே கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் வலைபோல ஓடுகிறது. 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் அது மெல்ல உருகி ஜெலட்டினாகும். நாக்கில் படும் வழவழப்பு அதனால் வருவது. பசாரில் பன்றிக்கறிக் கடைகள் தனிப் பகுதியில் இருக்கும். தவுக்கேயிடம் துண்டின் பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ‘மாவ் மாசாக் அப்பா?’ என்று அவரே கேட்பார். ரொம்ப நேரம் வேகவைத்துப் பிய்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்; தொங்கும் துண்டுகளில் எதைக் கழற்ற வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். எலும்போடு தரச் சொல்லுங்கள். தோலை எடுத்துவிடலாம்.

மசாலாவுக்கு மெக்ஸிகோவிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டாம். மிளகாயும் தக்காளியும் சோளமும் அவர்கள் நிலத்திலிருந்து வந்தவை என்பது தெரிந்ததே. பன்றி அவர்களுக்கு வந்தது ஸ்பானியர் வழியாக. கொலம்பஸ் 1493இல் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளில் இறக்கியதற்கு முன் அந்தக் கண்டத்தில் நாம் அறிந்த வீட்டுப் பன்றியே இல்லை. சீரகமும் பட்டையும் கொத்தமல்லியும் அப்படிப் போனவைதான். இன்னொரு கப்பல் வழியும் இருந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அதில் போன பிலிப்பினோ மாலுமிகள் மெக்ஸிகோவின் பசிபிக் கரையில் தென்னங்கள் இறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கொலிமா நகரத்துத் தெருக்களில் ‘டூபா’ என்ற பெயரில் அதை இன்றும் விற்கிறார்கள். தோட்டத்து லயங்களில் கள்ளுக்கடையும் பன்றிக்கறிப் பிரட்டலும் இணைபிரியாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கொலிமா அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையே போதும். மெக்ஸிகோவின் குவாஹில்லோ மிளகாய்க்கு நிறமும் மிதமான காரமும்தான் சிறப்பு. காஷ்மீரி மிளகாய் அதைச் செய்யும். ஒன்றரைக் கிலோ கறிக்கு எட்டு மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு கிராம்பு, விரல் நீளப் பட்டையோடு அரைத்துக்கொள்ளுங்கள். யுகதான் பகுதியில் புளிப்பு ஆரஞ்சு பிழிவார்கள். நமக்கு ஓர் ஆரஞ்சும் ஏழெட்டு லீமாவ் கஸ்தூரியும் சேர்ந்தால் அந்தப் புளிப்பு வந்துவிடும். ஆரிகனோவுக்குப் பதில், மாடி வீட்டுத் தொட்டியில் சளிக்காக வளர்க்கும் கற்பூரவல்லி நாலு இலை. மெக்ஸிகோவின் ஆரிகனோ வேறு செடிதான். ஆனால் கரீபியன் சமையலில் கற்பூரவல்லியை ஆரிகனோவாகவே போடுகிறார்கள். உப்பு 20 கிராம். இத்தனையையும் கறியில் தடவி ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள்.

யுகதானைச் சொன்னதும் வாழையிலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே கொச்சினிதா பிபில் என்று ஒன்று: மசாலா தடவிய பன்றிக்கறியை வாழையிலையில் சுற்றி மண்ணுக்குள் வெட்டிய குழியடுப்பில் புதைத்துச் சமைப்பார்கள். குழியடுப்பு மாயர்களுடையது, பன்றி ஸ்பெயினிலிருந்து வந்தது, வாழை நம் பக்கத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ச் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் நாளெல்லாம் வாழையிலைச் சாப்பாடு நடக்கும் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு இலைக்கு அலைய வேண்டாம். இரண்டு இலையை நெருப்பில் வாட்டி, நரம்பு தளர்ந்ததும் பானைக்குள் விரித்து, கறியை அடுக்கி மேலேயும் மூடிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனையில் கல்யாண வீட்டுப் பந்தி நினைவுக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தண்ணீர் ஊற்றாதீர்கள். இதை நான் மூன்று தரம் சொல்லத் தயார். நம் கை குழம்புக்குப் பழகிய கை. ஒரு டம்ளராவது ஊற்றினால்தான் நிம்மதி. மூடிய பானையிலிருந்து ஆவி வெளியே போவதில்லை. கறியே ஒன்றரைக் கோப்பைச் சாறு விடும். மேலே ஊற்றினால் சூப்புதான். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம், கூடுதல் சூட்டில் நாலைந்து மணி நேரம். இடையில் மூடியைத் தூக்கிப் பார்க்கிற ஒவ்வொரு தடவைக்கும் இருபது முப்பது நிமிடம் கூடும். உள்ளே ஏறிய சூடு அப்படித்தான் திரும்ப வரும். 200 வாட் பானை எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட்தான், மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம்.

நம் ஊர் வெக்கைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. டைமர் பிளக் மாட்டி, பச்சைக் கறியைப் பானையில் போட்டு, ‘பத்து மணிக்குத் தானே ஓடட்டும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி பெருகும். கோலாலம்பூர் வீட்டின் பகல் சூடு அதற்குப் பால் வார்க்கும். உறைந்த கறியையும் அப்படியே போடக் கூடாது. பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சிவப்பு ராஜ்மா வேகவைப்பவர்கள் அதை ஊறவைத்து, அடுப்பில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே ஸ்லோ குக்கரில் போட வேண்டும். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. மெதுவான சூடு அதை அழிக்காது. அமெரிக்காவிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த குக்கர் 120 வோல்ட்டுக்கானது என்பதையும் பிளக் மாட்டுமுன் பாருங்கள்.

ரொட்டிதான் உண்மையான சிக்கல். கடையில் ‘கார்ன் ஃபிளவர்’ என்று கிடைப்பது வெறும் மாச்சத்து. வட இந்தியர் கடையில் மக்கி ரொட்டிக்கு விற்கும் மஞ்சள் மாவும் உதவாது. தட்டினால் விளிம்பு பிளக்கும். மெக்ஸிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழுவிப் பிறகு அரைக்கிறார்கள். கிலோவுக்குச் சுமார் 10 கிராம் சுண்ணாம்பு. அதில்தான் மாவுக்கு ஒட்டும் தன்மை வருகிறது. சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்தும் விடுபடுகிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப் போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளுக்கு பெலக்ரா நோய் வந்தது அதனால்தான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்னவோ.

ஊறிய சோளத்தை அரைக்க அமெரிக்காவில் சில வீடுகளில் நம் வெட் கிரைண்டரையே வாங்கி வைத்திருக்கிறார்கள். கல் நன்றாக அரைக்கும். ஆனால் கல் ஓட ஊற்றும் தண்ணீரில் மாவு இளகிவிடும், கெட்டியாக்க இணையக் கடையில் கிடைக்கும் மாசா மாவு கொஞ்சம் சேர்க்க வேண்டும். வாரநாளில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் நேராக அந்த மாசா மாவையே பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே தட்டால் அழுத்தி, எண்ணெயில்லாத தோசைக்கல்லில் போட்டு எடுங்கள். கோதுமைச் சப்பாத்தியிலும் வைத்துச் சாப்பிடலாம். வட மெக்ஸிகோவில் கோதுமை ரொட்டிதான் வழக்கம். தோசையில் சுற்றலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தோசையின் புளிப்பும் கறியின் புளிப்பும் ஒன்றையொன்று கெடுக்கும்.

இனி அந்த மீதிப் பாதி. எட்டு மணி நேரம் ஆனதும் கறியை வெளியே எடுத்து எலும்பை உருவுங்கள், கையால் இழுத்தாலே வந்துவிடும். இரண்டு முள்கரண்டியால் பிய்க்கும்போது பஞ்சாக்கிவிடாமல் விரல் தடிமன் துண்டுகளாக விடுங்கள். சாற்றை வடிகட்டிச் சிறிது ஆறவிட்டால் மேலே கொழுப்பு மிதக்கும். இரும்புக் குவாலியைப் புகை வரக் காயவைத்து, அந்தக் கொழுப்பிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றிக் கறியைப் பரப்புங்கள். உடனே கிளறக் கூடாது. அடிப்பக்கம் பிடித்துப் பழுப்பேறும்வரை விட்டு, பிறகு ஒரே புரட்டு. சாற்றை ஒரு கரண்டி விட்டுச் சுண்டவைத்து மறுபடியும் அடி பிடிக்க விடுங்கள். ஓரமெல்லாம் மொறுமொறுப்பாகவும் நடுவில் ஈரமாகவும் இருக்கும்போது இறக்குங்கள். பானைக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஈரமும் குறையாது. கறி எத்தனை மணி நேரம் கிடந்தாலும் அங்கே நிறம் ஏறாது. வறுத்த வாசனை பிறக்க ஈரம் வற்றி 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். கறிவேப்பிலை போட்டு, கறுப்புக் கீச்சாப் ஊற்றிப் பன்றிக்கறி பிரட்டும் கிள்ளான் அம்மாக்கள் ஆங்கில சமையல் குறிப்புகளில் ‘வேண்டுமானால் செய்யலாம்’ என்று அடைப்புக்குறிக்குள் கிடக்கும் இந்த வேலையை அரை மணி நேரம் நின்று செய்கிறார்கள்.

மேலே போட பொடியாக நறுக்கிய வெங்காயம், மல்லித்தழை, லீமாவ் கஸ்தூரி. அன்னாசித் துண்டு கல்லில் சுட்டுப் போட்டால் இன்னும் நன்று. மெக்ஸிகோ நகரத்தின் அல் பஸ்தோர் டாக்கோவில் அன்னாசி உண்டு. லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மா முறை, ஆட்டுக்கறி போய்ப் பன்றிக்கறி வந்து பிறந்த பண்டம் அது. பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு ஹலிஸ்கோ மாநிலத்தின் பிர்ரியா இருக்கிறது: இதே மிளகாய் விழுது, வெள்ளாட்டுத் தோள்பட்டை, அதே எட்டு மணி நேரம்.

பானையில் எஞ்சும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கட்டியாக உறைந்திருக்கும். முந்தின நாள் சோற்றை அதிலேயே வதக்கி, ஒரு முட்டையும் உடைத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குப் பாக் குட் தே கடை வரிசையில் நிற்க வேண்டியதில்லை.