கண்காட்சிக்கு முன்பே மனு போடுங்கள்!

களைக்கருவியின் பல்லை மாற்றிப் பார்ப்பது, பழைய மோட்டாரில் கடலை உடைப்பது... உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் வெல்டிங் பட்டறைக்குப் போனால் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். செய்ததைப் பலருக்கும் காட்ட ஆசை இருக்கும். சிக்கலும் அங்கேதான்.

பொதுவில் ஓட்டிக் காட்டிய கருவி, 'புதியது' என்ற தகுதியை இழந்துவிடலாம். பிறகு காப்புரிமை கிடைப்பது கஷ்டம். மத்திய அரசு இதற்கென அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால் மட்டும், விண்ணப்பிக்க 12 மாத அவகாசம் உண்டு. ஊர்த் திருவிழாவுக்கும் யூடியூப் வீடியோவுக்கும் அந்தச் சலுகை இல்லை. அதனால், முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிட வேண்டும். முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். அலுவலகம் சென்னை, கிண்டியில் இருக்கிறது.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது? குஜராத்தில் 2000-ல் தொடங்கப்பட்ட தேசிய புத்தாக்க அறக்கட்டளை, தேர்வாகும் கருவிகளுக்குக் கண்டுபிடித்தவர் பெயரிலேயே செலவில்லாமல் விண்ணப்பிக்கிறது. பேராசிரியர் அனில் குப்தாவின் 'தேனீ' வலைப்பின்னலில் பிறந்தது இது. தமிழ்நாட்டில் மதுரை 'சேவா' அமைப்பு அந்த வலைப்பின்னலில் இருக்கிறது. கோவை முருகானந்தம் 2006-ல் சென்னை ஐ.ஐ.டி-க்கு நாப்கின் இயந்திர யோசனையோடு போனார். அவர்கள்தான் அதை இந்த அறக்கட்டளையின் விருதுக்குப் பதிந்தார்கள், விருதும் கிடைத்தது.

ஒன்று கவனம்: கருவிக்குத்தான் காப்புரிமை, சாகுபடி முறைக்குக் கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த நெல் ரகம் என்றால், 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தில் பதியலாம். விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை.