ஒரு கிராமுக்கு 150 பூக்கள்... குங்குமப்பூ விலை லட்சங்களில் இருப்பது ஏன்?

நாட்டு மருந்துக்கடைக்குப் போனால் சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் சாக்கிலும் டப்பாவிலும் கை எட்டும் தூரத்திலேயே இருக்கும். குங்குமப்பூ மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், விரல் நுனி அளவு பிளாஸ்டிக் டப்பாவில் உட்கார்ந்திருக்கும். அதைக் கிலோவில் கேட்பவர் யாரும் இல்லை. அரை கிராம், ஒரு கிராம்... அவ்வளவுதான்.

காரணம், விலை. உலகிலேயே மிக விலை உயர்ந்த மசாலாப் பொருள் இதுதான். தரமான காஷ்மீர் குங்குமப்பூ, கிலோ 3 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை விற்கிறது. 2025-ல் சந்தை விலை 5 லட்சத்தையும் தாண்டியது.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருளைப் பற்றி நம் வீடுகளில் தெரிந்திருப்பது என்னவோ ஒரே ஒரு விஷயம்தான். ‘கர்ப்பிணி பாலில் கலந்து குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும்.’ அது உண்மையா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன், அந்தக் குட்டி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தால், கடையில் யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

பூ அல்ல... பூவுக்குள் இருக்கும் மூன்று இழைகள்!

குங்குமப்பூ என்று பெயர் இருந்தாலும், டப்பாவில் இருப்பது பூ இல்லை. குரோக்கஸ் சடைவஸ் என்ற செடியின் ஊதா நிறப் பூவுக்குள் ஆறு இதழ்களுக்கு நடுவே மூன்று சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தை ஏந்திக்கொள்ளும் சூல்முடி அது. அந்த மூன்று இழைகளை மட்டும் கிள்ளி எடுத்துக் காயவைத்தால், அதுதான் குங்குமப்பூ. இதழுக்கு இந்த வியாபாரத்தில் மதிப்பில்லை.

காய்ந்தால் எடையும் போய்விடும். சுமார் 5 கிலோ பச்சை இழை காய்ந்து 1 கிலோ ஆகும். ஆக, 1 கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். 1 கிராமுக்கு 150 பூக்கள், 450 இழைகள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கிலோ 4 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் 400 ரூபாய். அதை 150 பூக்களுக்குப் பங்கிட்டால், ஒரு பூவுக்குக் கிடைப்பது 2 ரூபாய் 70 பைசாகூட இல்லை! உழுது, நட்டு, களை எடுத்து, குனிந்து பறித்து, பிரித்து, காயவைத்து, தரம் பார்த்து, கடைக்கு வந்து சேரும் வரையிலான எல்லாருடைய பங்கும் அந்த 2 ரூபாய் 70 பைசாவுக்குள்தான். உலகிலேயே விலை உயர்ந்த மசாலாவைத் தூரத்தில் இருந்து பார்த்தால் தங்கச் சுரங்கம் மாதிரி தெரியும். பக்கத்தில் போனால் அது முழுக்க முழுக்கக் கைவேலை.

பாம்போர்... மூன்று வார அறுவடை

ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் பாம்போர் வரும். இந்தியாவின் குங்குமப்பூ நகரம் இதுதான். ‘கரேவா’ என்று அழைக்கப்படும் மேட்டு நிலங்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம், தண்ணீர் தேங்காத வண்டல் மண்... இவைதான் இந்தச் செடிக்குப் பிடித்த இடம். ஜம்மு பகுதியில் உள்ள கிஷ்த்வாரிலும் விளைகிறது.

இந்தப் பயிர் ஒரு விசித்திரம். கோடையில் எல்லாப் பயிரும் வளரும்போது இது மண்ணுக்குள் கிழங்காகத் தூங்கும். செப்டம்பர் மழையில் விழிக்கும். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதி வரை, மூன்று வாரத்துக்குள் பூத்து முடிந்துவிடும். வருடம் முழுக்கச் செய்த செலவுக்கு வருமானம் அந்த மூன்று வாரத்தில்தான்.

மதுரைப் பக்கம் மல்லிகை பறிப்பவர்களுக்கு இந்த அவசரம் புரியும். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி சந்தைக்கு அனுப்ப வேண்டும். குங்குமப்பூவுக்கும் அதே ஓட்டம்தான். காலையில் விரியும் பூவை, வெயில் ஏறி வாடுவதற்குள் பறிக்க வேண்டும். செடியோ தரையோடு தரையாக இருக்கும். முதுகை வளைத்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளிக் கூடையில் போட வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் பூக்களைக் குவித்துவைத்து, பெரியவர்களும் சிறியவர்களும் சுற்றி உட்கார்ந்து இழைகளைப் பிரிப்பார்கள். மல்லிகை வேலை சந்தைக்குப் போனதும் முடிந்துவிடும். குங்குமப்பூ வேலை அங்கேதான் தொடங்குகிறது.

சிவப்பு நுனியை மட்டும் தனியாக எடுத்தால் அது ‘மோங்ரா’ ரகம். அடியில் உள்ள மஞ்சள் காம்புடன் சேர்த்து எடுத்தால் ‘லச்சா’. சுத்தமான சிவப்பு என்பதால் மோங்ராவுக்குத்தான் விலை அதிகம்.

விதை இல்லாத செடி

‘இவ்வளவு விலை போகிறதே, அதிகமாகப் பயிரிட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தச் செடிக்கு விதை கிடையாது.

சாதாரணமாக ஒரு செடியில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கும். குங்குமப்பூச் செடியில் மூன்று தொகுதிகள். அதனால் அது மலடு. காடுகளில் தானாக முளைப்பதும் இல்லை. மண்ணுக்கடியில் தாய்க்கிழங்கு விடும் குட்டிக் கிழங்குகளை மனிதர் தோண்டி எடுத்து, பிரித்து, மறுபடி நட்டால்தான் அடுத்த தலைமுறை. கிரேக்க நாட்டில் வளர்ந்த ஒரு காட்டுச் செடியிலிருந்து இது தோன்றியதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அங்குள்ள சாண்டோரினி தீவில், எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்துபோன அக்ரோதிரி நகரத்தின் சுவரில், பெண்கள் குங்குமப்பூ பறிக்கும் ஓவியம் இருக்கிறது. அதற்கு வயது 3,500 ஆண்டுகளுக்கு மேல். அத்தனை காலமாக இந்தச் செடியை உயிரோடு வைத்திருப்பது மனிதக் கைகள்தான்.

காஷ்மீரிலும் இதன் வரலாறு நீளமானது. 12-ம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய ‘ராஜதரங்கிணி’, காஷ்மீரின் சிறப்புகளில் ஒன்றாகக் குங்குமப்பூவைச் சொல்கிறது. ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2011-ல் காஷ்மீரின் குங்குமப்பூ விவசாயத்தை உலக அளவில் முக்கியமான வேளாண் பாரம்பர்யமாக அங்கீகரித்தது. 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சுருங்கும் வயல்கள்

பெருமை எல்லாம் சரி. வயல்தான் சுருங்கிக்கொண்டே போகிறது. 1990-களின் நடுவில் ஜம்மு காஷ்மீரில் சுமார் 5,700 ஹெக்டேரில் குங்குமப்பூ விளைந்தது. இப்போது 3,700 ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. மத்திய அரசின் கணக்குப்படி, 2010-11-ல் 8 டன்னாக இருந்த உற்பத்தி 2023-24-ல் 2.6 டன்னாகச் சரிந்தது. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

முதல் காரணம், மழை. செப்டம்பர், அக்டோபரில் சரியான நேரத்தில் மழை பெய்யாவிட்டால் கிழங்கு பூக்காது. இதைச் சமாளிக்க 2010-ல் தேசிய குங்குமப்பூ இயக்கம் தொடங்கப்பட்டது. சுமார் 400 கோடி ரூபாயில் ஆழ்துளைக் கிணறுகளும் தெளிப்பு நீர்ப் பாசனமும் கொண்டுவருவது திட்டம். குழாய்கள் வந்தன. ஆனால், பல வயல்களில் தேவையான நேரத்தில் தண்ணீர் வரவில்லை என்பது விவசாயிகளின் நீண்டகாலப் புகார்.

அடுத்தது, நிலம். ஸ்ரீநகருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் நிலத்துக்குப் பூவைவிட மனை விலை அதிகம். குங்குமப்பூ நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுக்க 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் கட்டடங்கள் நிற்கவில்லை. பக்கத்து ஊர்களில் உள்ள சிமென்ட் ஆலைகளின் தூசு பூவைப் பாதிப்பதாகவும் விவசாயிகள் சொல்கிறார்கள். இது போதாதென்று முள்ளம்பன்றிகள் வேறு! இரவில் வந்து கிழங்கைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. விதை இல்லாத பயிரில் கிழங்கு போனால் எல்லாமே போச்சு.

இன்னொரு பக்கம், சந்தை. உலகக் குங்குமப்பூவில் சுமார் 90 சதவிகிதம் ஈரானில் விளைகிறது. அது காஷ்மீர் சரக்கைவிடக் குறைந்த விலைக்கு இந்தியாவுக்குள் வருகிறது. பலர் ஆப்பிளுக்கு மாறிவிட்டார்கள். சிலர் கிழங்கைத் தட்டுகளில் அடுக்கி, குளிரும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைக்குள்ளேயே பூக்கவைக்கும் முறைக்கு வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் கடையில் இருப்பது..?

2.6 டன் என்றால் 26 லட்சம் கிராம். இந்தியாவில் வருடத்துக்கு 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. காஷ்மீரில் விளையும் மொத்தக் குங்குமப்பூவையும் கர்ப்பிணிகளுக்கே கொடுப்பது என்று முடிவெடுத்தால்கூட, ஆளுக்கு 1 கிராம் வீதம் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இனிப்புக் கடை, ஹோட்டல், கோயில், அழகு க்ரீம் எதற்கும் மிஞ்சாது. ஆனால், ஊருக்கு ஊர் கடைகளில் ‘ஒரிஜினல் காஷ்மீர்’ டப்பாக்கள் நிறைந்திருக்கின்றன. அதில் ஒரு பங்கு வெளிநாட்டுச் சரக்கு. அதுவாவது நிஜக் குங்குமப்பூ. இன்னொரு பங்கு, சாயம் ஏற்றிய மக்காச்சோள நார் அல்லது குசும்பா எனப்படும் செந்துருக்கப் பூவின் இதழ்.

கலப்படம் இன்று வந்ததல்ல. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் குங்குமப்பூ கலப்படத்துக்கு மரண தண்டனையே இருந்தது. 1444-ல் ஒரு வியாபாரி, தான் கலப்படம் செய்த குங்குமப்பூவோடு சேர்த்து எரிக்கப்பட்டதாக வரலாறு சொல்கிறது.

வீட்டில் சோதிப்பது எப்படி?

* வெதுவெதுப்பான நீரில் இரண்டு இழைகளைப் போடுங்கள். நிஜக் குங்குமப்பூ மெதுவாக, நிதானமாகப் பொன்மஞ்சள் நிறம் விடும். இழை சிவப்பாகவே இருக்கும். போட்டவுடன் தண்ணீர் சிவந்து, இழை வெளுத்துவிட்டால் அது சாயம்.

* இழையைக் கவனியுங்கள். ஒரு முனை மெலிந்தும், மறுமுனை எக்காளம்போல விரிந்தும் இருக்கும். எல்லா இழையும் ஒரே தடிமனில் நூல் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

* வாசனை தேன் கலந்த வைக்கோல் போல இருக்கும். வாயில் போட்டால் லேசாகக் கசக்கும். இனித்தால், அதில் சர்க்கரைப் பாகு ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

* பொடியாக வாங்காதீர்கள். பொடியில் எதைக் கலந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

* காஷ்மீர் சரக்கு என்று கூடுதல் விலை கொடுத்தால், புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1 கிராம் 100 ரூபாய்க்குக் கிடைத்தால், மேலே போட்ட கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூ 67 பைசாவுக்கு எங்கிருந்து வரும்?

குழந்தை சிவப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. குழந்தையின் தோல் நிறத்தை முடிவு செய்வது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் மரபணுக்கள். தோலில் மெலனின் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பாலுக்கு நிறம் கொடுக்கும் குரோசின், குழந்தையின் தோலுக்கு நிறம் கொடுக்காது. குங்குமப்பூ விளையும் காஷ்மீரில் மக்கள் வெளுப்பாக இருப்பதற்கும் குங்குமப்பூவுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு மூன்று இழைகளை வாசனைக்காகப் பாலில் போடுவது பொதுவாகக் கெடுதல் இல்லை. ஆனால், ‘நிறைய போட்டால் நிறைய நிறம்’ என்று அளவு கூட்டுவது ஆபத்து. அதிக அளவில் எடுத்தால் கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டக்கூடும் என்பதால், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து போலிச் சரக்கு. பிறக்காத குழந்தையின் நிறத்துக்காக, தாயின் வயிற்றுக்குள் தினமும் ஒரு டம்ளர் துணிச்சாயம் போகலாம். அந்தப் பணத்துக்குக் கீரையும் முட்டையும் பேரீச்சையும் வாங்கலாம். கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை என்று கேட்க வீட்டில் ஒருவர் இருந்தால் செலவே இல்லை!

அதனால் குங்குமப்பூவை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. கேசரிக்குக் ‘கேசரி’ என்று பெயர் வந்ததே, வடமொழியில் குங்குமப்பூவைக் குறிக்கும் ‘கேசர’ என்ற சொல்லிலிருந்துதான். இன்று பெரும்பாலான கேசரியில் இருப்பது கலர்ப்பொடி. பண்டிகை நாளில் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டு இழைகளை வெதுவெதுப்பான பாலில் 20 நிமிடம் ஊறவைத்து, இறக்கும் நேரத்தில் கேசரியில் ஊற்றிப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு அது போதும். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் படாமல் வையுங்கள். பன்னிரண்டு இழைகள் என்றால் நான்கு பூக்கள். ஏதோ ஒரு நவம்பர் காலையில் பாம்போரில் ஒருவர் நான்கு முறை குனிந்து எடுத்தது அது.