தண்ணீருக்காக எழுந்த நீரூற்று... அதற்கு எதிரியும் தண்ணீர்தான்!

எஸ்பிளனேட் பூங்காப் பக்கம் போயிருந்தால் அந்த மூன்றடுக்கு நீரூற்றைக் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள்.

பெயர் டான் கிம் செங் நீரூற்று. உயரம் சுமார் 7 மீட்டர். வயது 140-ஐத் தாண்டிவிட்டது.

பார்ப்பதற்குக் கல் போலத் தெரியலாம். ஆனால் அது வார்ப்பிரும்பு. இரும்பு, ஓடும் தண்ணீர், சிங்கப்பூரின் ஈரக்காற்று... மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்!

அப்போ, இப்படிப்பட்ட நீரூற்றை எப்படிச் சீரமைக்கிறார்கள்? துருவைத் தேய்த்துச் சாயம் பூசினால் போதாதா?

யார் இந்த டான் கிம் செங்?

1805-இல் மலாக்காவில் பிறந்த பெரனாக்கான் வணிகர். கிம் செங் சாலைக்கு இவர் பெயர்தான்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. கிணறுகள், ஓடைகள், தண்ணீர் வண்டிகள்தான். சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கு மலாயில் 'தண்ணீர் வண்டி' என்றே பொருள்.

நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர, 1857-இல் டான் கிம் செங் 13,000 வெள்ளி நன்கொடை தந்தார்.

பணம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

திட்டம் இழுத்துக்கொண்டே போனது. இன்று மெக்ரிட்சி என்று நாம் அழைக்கும் நீர்த்தேக்கம் 1868-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. பம்புகளும் குழாய்களும் தயாராக மேலும் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. டான் கிம் செங் 1864-லேயே காலமாகிவிட்டார்.

அவருக்கு நன்றி சொல்ல நகராட்சி ஆணையர்கள் 1882-இல் ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் இந்த நீரூற்றை அமைத்தார்கள். 1925-இல் அது எஸ்பிளனேடுக்கு இடம் மாறியது. 1994-இல் விரிவாகச் சீரமைக்கப்பட்டது. 2010-இல் தேசிய நினைவுச்சின்னமானது.

துரு அப்படி என்னதான் செய்யும்?

இந்த நீரூற்று இங்கிலாந்தின் டார்பி நகரில், ஆண்ட்ரூ ஹேண்டிசைட் நிறுவனத்தில் வார்க்கப்பட்டது. இவ்வளவு பெரிய நீரூற்றை ஒரே துண்டாக வார்க்க மாட்டார்கள். தனித்தனிப் பாகங்களாக வார்த்து, போல்ட் போட்டு இணைப்பார்கள்.

சிக்கல் தொடங்குவது அந்த இணைப்புகளில்தான். இடுக்கில் தண்ணீர் நுழையும், துரு பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் அளவு பல மடங்கு பெருகும். உள்ளே இடம் போதாமல் துரு இரண்டு பாகங்களையும் தள்ளத் தொடங்கும்.

வார்ப்பிரும்புக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. அழுத்தம் கூடினால் நேரே விரிசல்தான். மேலே பளபளன்னு சாயம் இருக்கும். உள்ளே விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் சாயம் மட்டும் பூசினால் போதாது.

சரி, எப்படிச் சரிசெய்வார்கள்?

முதல் வேலை, துப்பறிவது. சாயத்தில் ஒரு சின்னச் சில்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும். அடியில் இருப்பதுதான் பெரும்பாலும் ஆரம்ப கால நிறம்.

அடுத்து, பாகங்களைக் கழற்றி, எண் போட்டு, பழைய சாயத்தை நீக்குவார்கள். பழைய சாயங்களில் ஈயம் இருக்கலாம் என்பதால் தூசி வெளியே பறக்காதபடி மூடிவைத்துத்தான் வேலை நடக்கும்.

விரிசலை ஒட்டவைப்பது இன்னும் கஷ்டம். வெல்டிங் சூட்டில் வார்ப்பிரும்பு மறுபடியும் வெடிக்கலாம். அதனால் சூடே இல்லாமல், விரிசலின் குறுக்கே சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைப் பதித்துத் 'தையல்' போடும் முறையும் உண்டு.

கடைசியில் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு, அதன்மேல் பாதுகாப்புப் பூச்சுகள், பிறகு நிறம்.

சிலை உடைந்தால்?

நீரூற்றின் அடித்தளத்தில் நான்கு பெண் சிலைகள் உள்ளன. கேலியோபி, கிளியோ, எராட்டோ, மெல்போமினி. கிரேக்கப் புராணத்தில் கலைகளுக்கும் வரலாற்றுக்கும் உரிய தேவதைகள்.

யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் இருக்கும் பொருளை வைத்துத்தான். கிரேக்க மரபில் எராட்டோவுக்கு யாழ், வரலாற்றின் தேவதை கிளியோவுக்குச் சுருளேடு. நம் ஊர்க் கோயிலில் வீணையைப் பார்த்ததும் சரஸ்வதி என்று சொல்கிறோமே, அதே மாதிரி.

ஆனால் இப்படிப்பட்ட பழைய சிலைகளில் எளிதில் உடைவதும் தொலைவதும் கையில் இருக்கும் அந்தச் சின்னப் பொருள்தான். அது போய்விட்டால் கிளியோ யாரோ ஒரு பெண்ணாகிவிடுவாள். அதனால் பழைய படங்களையும் வரைபடங்களையும் பார்த்து அதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுமார் 1 விழுக்காடு சுருங்கும். அதாவது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். பழைய பாகத்தை அப்படியே அச்செடுத்து வார்த்தால் புதியது சின்னதாகிவிடும், பொருந்தாது. அதனால் அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள்.

தண்ணீரை நிறுத்திட்டா பிரச்சினை தீருமே?

பலர் கேட்கும் கேள்வி இது. தண்ணீர் ஓடாவிட்டால் இரும்பு அதிக காலம் தாங்கும், உண்மைதான். ஆனால் மழை பெய்யத்தானே செய்யும்? தொட்டியில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கி ஆபத்துள்ள ஊரில் அதை விட்டுவைக்க முடியாது.

ஓடவிட்டாலும் வேலை குறையாது. பாசி பிடிக்காமல் இருக்க ரசாயனம் வேண்டும். குளோரின் கூடினால் அதுவே இரும்பை அரிக்கும். பம்பு, வடிகட்டி, இணைப்புகள் என எல்லாவற்றையும் அடிக்கடி சோதிக்க வேண்டும்.

இரண்டு வழியிலும் செலவு உண்டு. அப்படியென்றால் எதற்காகச் செலவு செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

போர் நினைவுச்சின்னம் தண்ணீர் இல்லாமலே தன் கதையைச் சொல்லிவிடும். இந்த நீரூற்று சொல்ல வந்த விஷயமோ தண்ணீர்தான். வறண்டு நின்றால் அழகான இரும்புக் கோபுரம் மிஞ்சும், நன்றி மிஞ்சாது.

அடுத்த முறை அங்கே போனால், இணைப்புகளில் பழுப்புக் கறை வடிகிறதா என்று பாருங்கள். துரு வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் முதல் அடையாளம்.

அப்படியே மரினா பே பக்கம் நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் அது கடல். 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டுக்குப் பிறகு அது நன்னீர்த் தேக்கம். நல்ல தண்ணீருக்காக 13,000 வெள்ளி கொடுத்தவரின் நீரூற்றுக்குச் சில நிமிட நடைத் தொலைவில், இன்று ஒரு நீர்த்தேக்கமே இருக்கிறது.