ஊசி வரிசையில் தலை சுற்றினால்...

மாணவர்களே, மூன்றாம் படிவத்தில் இருக்கிறீர்களா? அப்படியானால் சுகாதாரக் குழு உங்கள் பள்ளிக்கு வரும் நாளை எதிர்பார்த்திருப்பீர்கள். 15 வயதில் போடப்படும் டெட்டனஸ் தடுப்பூசிக்காக வகுப்பு வகுப்பாக மண்டபத்திற்கு அழைப்பார்கள். வரிசை நகர நகர உள்ளங்கை வியர்க்கும். முன்னால் இருப்பவர் "ஐயோ" என்றால் நமக்கு வயிற்றைப் பிசையும்.

சுங்கை சிப்புட்டில் படித்த காலத்தில் அந்த வரிசையில் மயங்கி விழுந்தவன் நான். ஊசி என்மேல் படவே இல்லை. எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அதன்பின் பள்ளி முடியும்வரை "ஊசி" என்பதே என் பட்டப்பெயர். ஏன் விழுந்தேன் என்று அப்போது யாரும் விளக்கவில்லை.

பாம்பைக் கண்டு பயந்தால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். ஊசியையோ இரத்தத்தையோ கண்டு பயப்படும் சிலருக்கு, ஏறிய அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். வேகஸ் என்னும் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நிற்கும்போது இரத்தம் கால்பக்கம் தேங்குவதால் மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. கண் இருட்டும், காது அடைக்கும், உடல் சில்லிட்டு வியர்க்கும். பிறகு விழுவோம். படுத்துவிட்டால் இரத்தம் மூளைக்கு எளிதாகப் போகும். சற்று நேரத்தில் நினைவு திரும்பிவிடும். இதில் கோழைத்தனம் எங்கே வந்தது? சிமெண்டுத் தரையில் தலை மோதுவதுதான் உண்மையான ஆபத்து.

"உடலைத் தளர்த்து, மூச்சை இழுத்து விடு" என்பார்கள். சாதாரணப் படபடப்புக்கு அது நல்லதுதான். ஆனால் மயக்கம் வருபவருக்கு வேண்டியது இறங்கும் அழுத்தத்தை ஏற்றுவது. 1980களில் சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் இதற்கு ஒரு பயிற்சியை உருவாக்கினார். உட்கார்ந்துகொண்டு கால், தொடை, வயிறு ஆகியவற்றின் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 விநாடிகள் இறுக்குங்கள். பிறகு அரை நிமிடம் விடுங்கள். இப்படி ஐந்து முறை. ஊசி போடும் கையை மட்டும் இறுக்காதீர்கள். இறுகிய தசையில் வலி கூடும். வீட்டிலேயே பழகிக்கொண்டால் வரிசையில் கைகொடுக்கும். காலையில் பசியாறாமல் வந்து நிற்காதீர்கள்.

பயத்தில் பாதி, கேட்காமல் விட்ட கேள்விகள். குழந்தையிலும் 7 வயதிலும் போட்டார்களே, மறுபடியும் ஏன்? எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. அதை மீண்டும் தூண்டவே இந்த ஊசி. ஊசியாலேயே நோய் வருமா? வராது. அதில் கிருமி இல்லை. கிருமியின் நச்சை வீரியம் இழக்கச் செய்து சேர்த்திருக்கிறார்கள். அளவு அரை மில்லிலிட்டர், சுமார் பத்துச் சொட்டு. தாத்தாக்கள் சொல்லும் கதையில் தோட்டத்து டிரெசர் கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஒருவர் மாற்றி ஒருவருக்குக் குத்துவார். இன்று ஆளுக்கொரு புது ஊசி; தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

துருப்பிடித்த ஆணியால்தான் இந்நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். பால் வெட்டும் கத்தி கிழித்த காயத்தில் மண் பட்டாலும் போதும். அதன் நச்சு தசைகளைத் தளரவிடாமல் பூட்டிவிடும். தாடை இறுகி வாய் திறக்காது. மலாயில் 'கன்சிங் கிகி' என்பது இதனால்தான்.

உங்களுக்கே உரிய கேள்விகளும் இருக்கும். முன்பு மயங்கியதுண்டா, ஒவ்வாமை உண்டா, மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்பதை ஒரு தாளில் எழுதி, ஊசிக்கு முன்பே மிஸ்ஸியிடம் காட்டுங்கள். "படுத்துக்கொண்டு போட்டுக்கொள்ளலாமா?" என்றும் கேட்கலாம். போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்தே இருங்கள்.

என் மாணவி ஒருத்தி எழுதி வந்தது ஒரே கேள்வி: "சாயங்காலம் பூப்பந்து விளையாடலாமா?" விளையாடலாம், கை வலித்தால் நிறுத்திவிடு என்றார் மிஸ்ஸி. விளையாடித் தோற்றாள். ஊசிதான் காரணம் என்கிறாள், எனக்கு நம்பிக்கையில்லை.