காலையில் வரும் சளியின் நிறம்

விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்புமுன் குழாயடியில் நின்று காறித் துப்பும் சத்தம் எந்த லயத்திலும் கேட்கும். துப்பியது மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்துவிட்டால், "டிரெஸர், நெஞ்சுல சீழ் கட்டிருச்சு, நல்ல கப்சூலா குடுங்க" என்று என் வாசலில் வந்து நிற்கிறீர்கள்.

இராத்திரி முழுக்கப் படுத்திருக்கும்போது சளி வெளியேறாமல் தேங்கிக் கெட்டியாகிறது. அதனால்தான் எழுந்ததும் வரும் முதல் கோழையில் நிறம் கூடுதலாகத் தெரிகிறது. பச்சை நிறம் கிருமியின் நிறமல்ல. கிருமியை எதிர்க்கப் போகும் நம் வெள்ளை அணுக்களுக்குள் பச்சையான ஒரு பொருள் இருக்கிறது. அந்த நிறம்தான் அது. சாதாரண ஜலதோஷத்திலும் இப்படி வரும், தானாகவே போகும். அதற்குக் கப்சூல் தேவையில்லை. நான் தராவிட்டால் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் மிச்சமிருப்பதை வாங்கி விழுங்காதீர்கள்!

ஆனால் காய்ச்சல், மூச்சு வாங்கல், நெஞ்சு வலி சேர்ந்து வந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள். சளியில் இரத்தம் ஒரு கீற்று தெரிந்தாலும் அப்படித்தான். சிகரெட் பிடிக்கிறவர்கள் மாதக் கணக்கில் தினமும் சளி துப்பிக்கொண்டே, "இது பழகிப்போன இருமல்" என்பார்கள். பழக்கமில்லை, ஐயா, மூச்சுக்குழாய் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

நான் நிறத்தைவிட நாளைத்தான் கேட்பேன். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அண்ணனுக்குச் சளி வெள்ளையாகவே வந்தது. வெள்ளைதானே என்று இரண்டு மாதம் விட்டுவிட்டார். உடம்பு இளைத்து, இராத்திரியில் வேர்த்து, சட்டை தொளதொளத்த பிறகுதான் வந்தார். சோதித்தால் டி.பி. அதற்குள் வீட்டில் பேரக்குழந்தைக்கும் சோதனை செய்ய வேண்டியதாயிற்று.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். "எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளி வச்சிருவாங்கன்னு பயம்" என்றார். இந்தப் பயம் பழைய காலத்தது. 1956-ல் மதராஸில் ஏழை நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப்பேரை நோயாளிகள் தங்கும் சானடோரியத்தில் வைத்தார்கள். பாதிப்பேர் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். பிறகு சில ஆண்டுகள் கவனித்ததில், அவர்கள் வீட்டார்க்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. மருந்து சாப்பிடாமல் ஒளித்து வைத்திருக்கும் நாள்களில்தான் அதிகம் பரவுகிறது. நம் நாட்டில் 1961-லேயே காசநோய்த் தடுப்புத் திட்டம் வந்துவிட்டது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால், சளி எந்த நிறமானாலும் சோதனைக்குப் போங்கள். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பகாவோ, கோலப்பிலாவோ, போர்ட்டிக்சனோ, பக்கத்திலிருக்கும் அரசாங்கக் கிளினிக் போதும். அங்கே கொடுக்கும் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வருவதைத் துப்பி மூடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனை வீண்.

டி.பி. என்று தெரிந்தால் பெரும்பாலும் ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதமே இருமல் நின்று உடம்பு தேறும். அப்போது நிறுத்திவிடுகிறவர்கள்தான் என்னைத் தூங்கவிடாதவர்கள். இன்னொன்று: அந்த மருந்தில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். அது மருந்தின் நிறம்.