ஒரு டாலர் மருந்து

இன்ஸுலின் ஒரு புரதம். இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் புக வழி செய்வது அதுவே. உண்டால் ஜீரணமாகிவிடுமாதலின் ஊசியால் செலுத்தப்படுகிறது.

1921-ல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாயின் கணையத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். பின்னர் மாடு, பன்றிகளின் கணையங்கள் பயன்பட்டன. எவரும் ஏகபோகமாக்கலாகாதெனக் கருதி, 1923-ல் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுப் பேடண்ட் உரிமையை ஸர்வகலாசாலைக்கு அளித்தனர்.

1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இன்ஸுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி, அக்கிருமியைக்கொண்டே மனித இன்ஸுலினைச் செய்வித்தனர். 1982-ல் அம்மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது.

ஆயினும், 2021-லும் அச்செல்வ நாட்டிலேயே விலைக்கு அஞ்சி அளவைக் குறைத்துக்கொண்ட நோயாளிகள் பலர் இருந்தனர். உயிர் காக்கும் மருந்தின் விலையை ஒழுங்கு செய்வது சர்க்கார்களின் கடமையென்பதே நமது துணிபு.